வலிப்பு நோய்: அரசு தரும் உதவிகளும் நம் கடமையும்



விழுப்புரத்திலிருந்து வடமேற்கே ஆறேழு கிலோமீட்டர் சென்றால் பம்பையாற்றின் ஓரமாகத் திருவாமாத்தூர் இருக்கிறது. பழைய சிவன் கோயிலால் பெயர் பெற்ற ஊர். அதை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் தன் பன்னிரண்டு வயது மகளை நம் மருத்துவமனைக்கு அழைத்து வந்தார். மாதம் இரண்டு மூன்று முறை அந்தப் பிள்ளைக்கு வலிப்பு வந்துகொண்டிருந்தது. டாக்டர் பரிசோதித்துப் பினோபார்பிடோன் மாத்திரை எழுதிக்கொடுத்து, ஒரு நாளும் விடாமல் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். புறப்படும் முன் அந்தத் தாய் என்னிடம் வந்து ஜெபிக்கக் கேட்டார். ஜெபித்தேன். எழுந்தபோது அவர் கேட்டார்: "ஐயா, ஜெபம் பண்ணிட்டீங்களே, இனிமே மாத்திரை வேணுங்களா?"

"வேண்டும் அம்மா" என்ற ஒரே பதிலை நான் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னதோ, "கர்த்தர்மேல் நம்பிக்கையாயிருங்கள்" என்பது. தவறான வார்த்தை அல்ல; ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதில் அல்ல. கையிலிருந்த ஒரு மாத மாத்திரை தீர்ந்ததும் அவர் மறுபடி வாங்கவில்லை. நான்கு மாதம் கழித்துப் பிள்ளையை மீண்டும் கொண்டுவந்தார். சோறு வெந்துகொண்டிருந்த விறகடுப்பின்மேல் வலிப்பு வந்து விழுந்துவிட்டாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தீப்புண். அந்தத் தாயைக் குறைகூற எனக்கு வாயில்லை. குறை என்னுடையது.

அன்று முதல் இந்த நோயைப்பற்றியும், இதற்கு அரசாங்கம் என்ன செய்கிறது என்பதைப்பற்றியும் விசாரித்து அறிவதை என் கடமையாக வைத்துக்கொண்டேன். "காசநோய்க்கும் தொழுநோய்க்கும் அரசுத் திட்டம் இருப்பதுபோல் வலிப்புக்கு இல்லையா?" என்று நம் வாசகர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். அதற்கு நான் அறிந்தவரை இங்கே பதில் எழுதுகிறேன்.

வலிப்பு என்பது என்ன?

நம் மூளையின் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று நுண்ணிய மின்துடிப்புகளால் பேசிக்கொள்கின்றன. ஒரு பகுதியிலுள்ள அணுக்கள் திடீரென்று கட்டுக்கடங்காமல் ஒரே நேரத்தில் துடிக்கும்போது உடல் இழுத்துக்கொள்கிறது, நினைவு தப்புகிறது. சிலருக்கு இழுப்பே இராது. சில விநாடி வெறித்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் பேச்சைத் தொடருவார்கள். அதுவும் வலிப்பே. காய்ச்சல் போன்ற உடனடிக் காரணம் இல்லாமல், ஒரு நாளுக்கு மேற்பட்ட இடைவெளியில் இரண்டு முறை வந்தால் வலிப்பு நோய் என்று டாக்டர்கள் பொதுவாக முடிவு செய்கிறார்கள். குழந்தைகளுக்குக் கடும் காய்ச்சலில் வரும் ஜன்னி இந்தக் கணக்கில் சேராது.

இது பேய் அல்ல, சாபம் அல்ல, மனநோயும் அல்ல. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதும் அல்ல. உலகில் ஏறக்குறைய 5 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டு என்றும், அவர்களில் 80 சதவீதம் பேர் ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் வாழ்கிறார்கள் என்றும், சரியான மருத்துவம் கிடைத்தால் 70 சதவீதம் வரை வலிப்பின்றி வாழ முடியும் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

நமக்கு அருகே, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் அம்மாவட்டத்தில் 50,000-க்கு மேற்பட்டவர்களிடம் விசாரித்து 2006-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆயிரம் பேரில் ஏறக்குறைய 4 பேருக்கு வலிப்பு நோய் இருந்தது. அப்படியானால் 5,000 பேர் வாழும் ஊரில் 20 பேர் இருக்கக்கூடும். உங்கள் ஊரில் 20 பேரை உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. ஏனென்றால் வீட்டார் மறைத்து வைக்கிறார்கள்.

தனித் திட்டம் இல்லை. ஆனால் வாசல்கள் உண்டு

தொழுநோய்க்கு 1955 முதலும், காசநோய்க்கு 1962 முதலும் தேசியத் திட்டங்கள் உண்டு. வலிப்புக்கென்று அப்படித் தனியான தேசியத் திட்டம் இந்தியாவில் இல்லை. ஆனால் வேறு திட்டங்களுக்குள்ளே வலிப்பு நோயாளிக்கும் இடம் வைத்திருக்கிறார்கள். அந்த வாசல்கள் எங்கே இருக்கின்றன என்று தெரியாததால்தான் அநேகர் வெளியே நிற்கிறார்கள்.

முதலாவது, மாத்திரை. 1994-ல் தமிழ்நாடு அரசு மருத்துவப் பணிகள் கழகத்தை ஏற்படுத்தியது. அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை இக்கழகம் மொத்தமாகக் கொள்முதல் செய்து, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகள் வழியாக அனுப்புகிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புத்தகம்; அதில் உள்ள தொகைக்கு ஏற்ப மருந்து எடுத்துக்கொள்ளலாம். பின்னாளில் கேரளாவும் ராஜஸ்தானும் இந்த வழியைப் பின்பற்றின. வலிப்புக்கான அடிப்படை மருந்துகள் பழையவை, விலை மலிந்தவை. பினோபார்பிடோன் 1912 முதலும், பெனிட்டாயின் 1938 முதலும் பயன்பட்டு வருகின்றன. கார்பமசிபைன், சோடியம் வால்புரோயேட் ஆகியவை பிற்பாடு வந்தவை. அரசு மருத்துவமனையில் மருந்துக்குப் பணம் இல்லை.

இரண்டாவது, மாவட்ட மனநலத் திட்டம். 1982-ல் தேசிய மனநலத் திட்டம் வகுக்கப்பட்டது. கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் அதை நடத்திக் காட்டினார்கள். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களுக்கே பயிற்சி தந்து, மனநோயோடு வலிப்பு நோயையும் அவர்களே கவனிக்கும்படி செய்தது அதன் சிறப்பு. 1996-97-ல் மாவட்டத் திட்டம் தொடங்கியபோது தமிழ்நாட்டில் முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டது திருச்சி. பிறகு படிப்படியாக மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது.

மூன்றாவது, பிள்ளைகளுக்கான பரிசோதனை. 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டில் இருமுறையும், அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் செல்ல வேண்டும். பிறந்தது முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளிடம் அவர்கள் பார்க்க வேண்டிய 30 குறைகளின் பட்டியலில் வலிப்பும் ஒன்று. ஆகவே வகுப்பில் அடிக்கடி வெறித்துப் பார்க்கும் பிள்ளையைப்பற்றி அந்தக் குழுவிடம் ஓர் ஆசிரியர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

நான்காவது, பெரிய மருத்துவமனை. நம் மாவட்டத்தில் 2010 முதல் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. மாத்திரைக்கு அடங்காத வலிப்பும், முதல்முறையாகப் பெரியவர்களுக்கு வரும் வலிப்பும் அங்கே போகவேண்டியவை.

வராமல் தடுப்பதும் அரசின் வேலையே

வலிப்பு நோயில் நான்கில் ஒரு பங்கு தடுக்கக்கூடியது என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. பிரசவத்தில் மூச்சுத்திணறிப் பிறக்கும் குழந்தைக்கு மூளை பாதிக்கப்பட்டுப் பிற்பாடு வலிப்பு வரலாம். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடந்தன. வலிப்பு என்ற பெயரே அதில் இல்லை. ஆனாலும் வலிப்பைத் தடுக்கும் பெரிய வேலைகளில் அது ஒன்று.

அடுத்தது தலைக்காயம். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் திண்டிவனம் பகுதியில் நடக்கும் விபத்துகளை நம் ஊரார் அறிவோம். உயிர் தப்பியவர்களில் சிலருக்கு மாதங்கள், வருடங்கள் கழித்து வலிப்பு தொடங்குகிறது. விபத்துக்குப்பின் முதல் 48 மணி நேரம் இலவசமாகச் சிகிச்சை தரும் திட்டத்தை அரசு 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கியது. தலைக்கவசம் போடுவதோ நம் கையில் இருக்கிறது.

மூன்றாவது காரணத்தைச் சொன்னால் பலர் ஆச்சரியப்படுவார்கள். மேலே சொன்ன வேலூர் ஆய்வில், வலிப்பு நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் காரணம் மூளையில் தங்கிய நாடாப்புழுவின் கட்டி. சரியாக வேகாத பன்றி இறைச்சியைத் தின்றவரின் குடலில் அந்தப் புழு வளர்கிறது. அவர் திறந்தவெளியில் மலம் கழித்தால் புழுவின் முட்டைகள் தண்ணீரிலும் கீரையிலும் கலக்கின்றன. அந்த முட்டையை விழுங்குகிறவருக்கே மூளையில் கட்டி வருகிறது. ஆகையால் சுத்த சைவருக்கும் இது வரும். கழிப்பறை கட்டுவதும், கை கழுவுவதும், காய்கறியை நன்றாய் அலசுவதும் வலிப்பைத் தடுக்கும் காரியங்களே.

வாசல் திறந்திருந்தும் ஏன் நுழைவதில்லை?

மருந்து மலிவு, டாக்டர் உண்டு, காசும் வேண்டாம். அப்படியிருந்தும் அநேகர் மருத்துவம் இல்லாமல் இருப்பது ஏன்? வார்டுகளில் இத்தனை ஆண்டுகள் கேட்டதிலிருந்து மூன்று காரணங்களைச் சொல்வேன்.

ஒன்று, பெயர்ப்பலகை. மனநலத் திட்டத்தில் வலிப்பைச் சேர்த்ததால் கிராமத்து டாக்டருக்குப் பயிற்சி கிடைத்தது, அது நன்மை. ஆனால் "மனநலப் பிரிவு" என்று எழுதிய அறையின் முன் கலியாண வயதுப் பெண்ணோடு உட்கார எந்தத் தாய்க்குத் துணிவு வரும்? பக்கத்து வீட்டார் கண்ணில் பட்டால் பெண்ணுக்குப் பைத்தியம் என்ற பேச்சு ஊரெல்லாம் பரவும். ஆகவே வாசல்வரை வந்து திரும்புகிறார்கள்.

இரண்டு, ஒரு நாள் கூலி. 2021 மே முதல் அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனாலும் மாத்திரைக்காக மாதத்தில் ஒரு நாள் போனால் அன்றைய கூலி போயிற்று. நாற்று நடும் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் அந்த நாளை விட யாருக்கும் மனம் வராது. அந்த மாதம் மாத்திரை தீர்ந்துபோகிறது.

மூன்று, குணமாயிற்று என்ற எண்ணம். ஆறு மாதம் வலிப்பு வராவிட்டால், இனி எதற்கு மாத்திரை என்று நிறுத்திவிடுகிறார்கள். வலிப்பு வராமல் இருந்ததே மாத்திரையினால்தான் என்று அவர்களுக்கு யாரும் பொறுமையாய்ச் சொல்லவில்லை. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்னைவிடக் கடுமையாய்த் திரும்பலாம். ஒன்றன்பின் ஒன்றாய் நிற்காமல் வந்து உயிரையே எடுத்துவிடவும் கூடும். இரண்டு மூன்று ஆண்டுகள் வலிப்பே வராமலிருந்தபின், டாக்டர் பார்த்துக் கொஞ்சங்கொஞ்சமாய்க் குறைப்பதே முறை.

இவையெல்லாம் ஓரிடத்தில் வந்து முடிகின்றன: மாத்திரை தீரும் தேதி. நோயாளிக்கு ஆபத்து தொடங்கும் நாள் அதுவே.

இதை வெல்ல முடியும் என்பதற்குச் சான்று உண்டு. தமிழ்நாட்டு எல்லைக்கு அருகே கர்நாடகத்தின் எலந்தூர் வட்டாரத்தில் டாக்டர் கே.எஸ். மணியும் அவருடைய தோழர்களும் பினோபார்பிடோன், பெனிட்டாயின் என்ற இரண்டு பழைய மருந்துகளைக் கொண்டே கிராமத்து நோயாளிகளைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். எளிய மருந்தும் விடாத கவனிப்பும் போதும் என்று அவர்கள் காட்டியது 2001-ல் வெளியாயிற்று. சீனாவின் கிராமங்களில் 2,455 பேருக்கு உள்ளூர் சுகாதாரப் பணியாளர்கள் மூலம் பினோபார்பிடோன் கொடுத்துப் பார்த்ததை 2006-ல் வெளியிட்டார்கள். ஓராண்டு தொடர்ந்து உட்கொண்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வலிப்பு வரவே இல்லை. வேறு பலருக்குப் பாதிக்குமேல் குறைந்தது. இரண்டு இடத்திலும் புது மருந்து எதுவும் இல்லை. தேடிவந்து விசாரிக்க ஓர் ஆள் இருந்தார், அவ்வளவே.

நம் மாநிலத்திலும் அப்படித் தேடிவருகிறவர்கள் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தின்படி பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரை நோய்க்கும் வீட்டு வாசலிலேயே மாத்திரை கொடுக்கிறார்கள். தொடக்கத்தில் அறிவித்த பட்டியலில் வலிப்பு இல்லை. அதே தெருவில், அதே வீட்டில் இருக்கும் வலிப்பு நோயாளிக்கும் அந்தப் பையிலிருந்து மாத்திரை வருமானால் பெயர்ப்பலகையும் தடையாகாது, கூலியும் போகாது. 2022-ல் உலக சுகாதாரப் பேரவை ஏற்றுக்கொண்ட பத்தாண்டுத் திட்டம், வலிப்பு நோயாளிகளுக்குக் கிடைக்கும் மருத்துவ சேவை 2021-ல் இருந்ததைவிட 2031-க்குள் பாதியளவு கூடவேண்டும் என்று குறி வைத்திருக்கிறது. நம் நாட்டில் அந்தக் குறியை எட்ட இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தோன்றவில்லை.

சட்டமும் திருமணமும்

திருமண ஆலோசனைக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "வலிப்பு இருந்தால் கலியாணம் செல்லாதாமே?" இந்து திருமணச் சட்டத்தில் 1976-ல் செய்த திருத்தம் பைத்தியத்தோடு வலிப்பையும் சேர்த்துத் திருமணத்துக்குத் தடையாக வைத்தது. டாக்டர்களும் நோயாளிகளும் நெடுநாள் முறையிட்டபின், 1999-ல் பாராளுமன்றம் அந்தச் சொல்லை இந்து திருமணச் சட்டத்திலிருந்தும் சிறப்புத் திருமணச் சட்டத்திலிருந்தும் நீக்கியது. அந்தத் தடை இன்று இல்லை. ஆனால் மறைத்துச் செய்யும் கலியாணம் வேண்டாம் என்பது என் ஆலோசனை. மறைத்தவள் புகுந்த வீட்டில் மாத்திரையையும் மறைக்க வேண்டிவருகிறது; பிறகு விட்டுவிடுகிறாள்.

கலியாணத்துக்கு முன் டாக்டரைப் பார்ப்பதும் அவசியம். சோடியம் வால்புரோயேட் கருவிலிருக்கும் குழந்தைக்குத் தீங்கு செய்யக்கூடும். முன்னதாகவே கேட்டால் மருந்தை மாற்றலாம், போலிக் அமிலமும் தொடங்கலாம். கர்ப்பம் தெரிந்தவுடன் பயந்து தானாக நிறுத்துவது தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து.

வேதமும் மாத்திரையும்

"இயேசு வலிப்புள்ள பையனைத் தொட்டுக் குணமாக்கினாரே, மாத்திரை ஏன்?" என்று கேட்கிற விசுவாசிகளுக்கு ஒரு வார்த்தை. மத்தேயு 17-ம் அதிகாரத்தில் அந்தப் பையனைச் "சந்திரரோகி" என்று நம் பழைய மொழிபெயர்ப்பு சொல்கிறது. மூலக் கிரேக்கச் சொல்லும் சந்திரனை வேராகக் கொண்டதே. அக்காலத்தார் இந்நோய் நிலாவினால் வருவதாய் எண்ணினார்கள். மாற்கு 9-ம் அதிகாரத்தில் அந்தத் தகப்பன், பிள்ளை தீயிலும் தண்ணீரிலும் விழுவதைச் சொல்லி அழுகிறான். அடுப்பையும் கிணற்றையும் அறிந்த நம் தாய்மார் சொல்வதும் அதுவே. இயேசுவோ அவனிடம், இது எவ்வளவு காலமாய் இருக்கிறது என்று விசாரிக்கிறார். நோயாளியின் வரலாற்றைக் கேட்காமல் அவர் கடந்துபோகவில்லை. ஜெபிக்கிற நாமும் அதைக் கேட்டு, மாத்திரை இருக்கிறதா என்றும் கேட்பது அவிசுவாசம் ஆகாது. நான் கற்றுக்கொண்ட பாடம் இது. விலை கொடுத்தது வேறொருத்தியின் கை.

நாம் செய்யக்கூடியவை

கண் முன்னே ஒருவருக்கு வலிப்பு வந்தால் சாவியையோ இரும்பையோ கையில் திணிக்க வேண்டாம். அதனால் வலிப்பு நிற்பதில்லை, தானாக நிற்கும் நேரத்தில் சாவி பெயரைத் தட்டிக்கொள்கிறது. வாயில் துணி, கரண்டி, தண்ணீர் எதையும் போடக்கூடாது. கைகாலை அழுத்திப் பிடிக்கக்கூடாது. அடுப்பு, கல், வாகனம் ஆகியவற்றிலிருந்து விலக்கி, தலைக்குக் கீழே துண்டை மடித்து வைத்து, ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்குமேல் நீடித்தாலோ, நினைவு திரும்புமுன் மறுபடி வந்தாலோ 108-க்குப் போன் செய்யுங்கள்.

நோயாளி உள்ள வீட்டாருக்கு: அடுப்பைத் தரையில் வைக்காமல் மேடையில் வையுங்கள். கிணறு, குளத்துக்குத் தனியே அனுப்பாதீர்கள். வண்டி ஓட்ட வேண்டாம். ஓட்டுநர் உரிம விண்ணப்பத்தில் வலிப்பைப்பற்றிய கேள்வி இருக்கிறது, அதில் பொய் எழுதாதீர்கள். காலண்டரில் மாத்திரை தீரும் தேதிக்கு ஒரு வாரம் முன்னே வட்டம் போட்டு வையுங்கள்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது நாற்பது வயது தாண்டிவிட்டது. அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்குகிறார். வலிப்பு வந்து ஆண்டுகள் பல ஆகின்றன. வழியில் என்னைக் கண்டால் தழும்புள்ள கையைத் தூக்கி வணக்கம் சொல்வார். நான் சுகம் விசாரிக்கும்போது இன்னொன்றையும் தவறாமல் கேட்பேன்: "மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கிறது அம்மா?"

உங்கள் தெருவிலும் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய ஒரு வீடு இருக்கும். தயவுசெய்து கேளுங்கள்.